அங்கி தைக்கும் அக்கா

என் அக்கா ஆஸ்பத்திரிக்குத் துணி தைத்துக் கொடுப்பவள். மார்பகப் பரிசோதனைக்கு வரும் பெண்கள் உடுத்திக்கொள்கிற, முன்பக்கம் திறக்கும் நீல அங்கி அவள் கைவேலைதான். ஒன்பது வருஷமாகத் தைக்கிறாள். ஒரு தடவையாவது தனக்கென்று அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போயிருக்கிறாளா? மூச்!

எங்கள் அம்மா போனதே மார்பகப் புற்றுநோயில்தான். அக்காவுக்கும் வரலாம், போய்ப் பார்த்துவிடு என்று நான் நச்சரிக்காத நாளில்லை. மூன்று பிள்ளைகளுக்குப் பாலூட்டியவளுக்கு அதெல்லாம் வராது என்பாள். வலித்தால் போகமாட்டேனா என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் குளிக்கும்போது இடது பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அதை என்னிடம் சொல்ல மகராசிக்குப் பதினொரு நாள் ஆனது. வலிக்கவில்லையாம், அதனால் சும்மா இருந்துவிட்டாளாம். அம்மாவுக்கும்தான் முதலில் வலிக்கவில்லை, மறந்துபோச்சா என்று கத்திவிட்டேன். அவள் முகம் வெளிறிப்போனதைப் பார்த்ததும் எனக்கே அழுகை வந்தது. மறுநாள் காலை, வெட்டிப் போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு வரச்சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே அவளுக்குக் கிடைத்ததும் அவள் தைத்த அங்கிதான். கயிறு ரொம்பக் கீழே இருக்கிறது, கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது என்று நர்ஸிடம் தன் தையலையே குறை சொல்லியிருக்கிறாள். பயத்தில் வாய் எதையாவது பேசத்தானே செய்யும். வெளியே நான் இருப்புக்கொள்ளாமல் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

படம் எடுத்தார்கள், ஸ்கேனும் பார்த்தார்கள். பிறகு டாக்டரம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"வெறும் நீர்க்கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா உங்க அம்மாவுக்கு இருந்திருக்கு, அதனால வருஷா வருஷம் வந்து பாத்துக்குங்க."

அப்பாடா! என் வயிற்றில் பாலை வார்த்தார் அந்தப் புண்ணியவதி. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டி, அவங்க எனக்கு மட்டுந்தான் அம்மாவா? நீ எப்பப் பாத்துக்கிட்ட?"

இத்தனை வருஷமும் அவளைத் திட்டியே பொழுதை ஓட்டியிருக்கிறேன், நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. அக்கா என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். நேராகச் சீட்டு எழுதும் இடத்துக்குப் போய் என் பெயரையும் வயதையும் சொன்னாள்.