வேலாயுதம் டாட் காம் யாருக்கு?

வெப்சைட் விற்கிற தொழில் என்பது, விற்கிறவருக்கும் புரியாத, வாங்குகிறவருக்கும் புரியாத ஒரு சாமானை இரண்டு பேரும் புரிந்ததுபோலத் தலையாட்டிக் கைமாற்றிக்கொள்வது.

நான் விற்கிற பக்கம். போன வருஷம்தான் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சையான எஸ்பிஎம் எழுதி முடித்தேன். பினாங்கு ஸ்ட்ரீட் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் சேகர் அண்ணன், 'வெப்சைட்டும் செய்து தரப்படும்' என்று தன் போர்டில் ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரிதான் என் வேலை. தீபாவளிக்குள் ஒரு வெப்சைட்டாவது ஏற்றிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அம்மா அதற்குள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸில் எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டார். முதல் வெப்சைட் போட்டு மண்டை காய்ந்தவர்கள் இதைப் படித்தால், நீங்கள் தனியாக இல்லை. இன்னும் போடாதவர்கள், ஓடித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

படித்தவர் சொன்னது

சேகர் அண்ணன் தடியாக ஒரு புத்தகம் வாங்கி வைத்திருந்தார். அதைப் பார்த்து எனக்குப் பாடம் எடுத்தார். "டொமைன்னா பேர்ப்பலகை. ஹோஸ்டிங்னா கடை. பலகையை ஒரு கம்பெனிகிட்ட வாங்கணும், கடையை இன்னொரு கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுக்கணும். அப்பறம் ரெண்டையும் நாம சேர்த்து வைக்கணும்."

"பலகை வாங்கிட்டா நமக்கே சொந்தமா அண்ணே?" என்றேன். இல்லையாம், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டுமாம். அப்படியானால் அதுவும் வாடகைதானே என்றேன். ஒரு வகையில் அப்படித்தான் என்றார். கடை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். அமெரிக்கா என்றார். பலகை எங்கே தொங்கும் என்று கேட்டேன். புத்தகத்தை மூடிவிட்டார்.

"போட்டுக் குடையாத மா, நானே நேத்துதான் படிச்சேன் லா."

வாசல் எந்தப் பக்கம்

முதல் வாடிக்கையாளர் கோவிந்தன் அங்கிள். ஜார்ஜ் டவுனில் கல்யாண மணவறை அலங்காரம் செய்கிறவர். அவர் அப்பா வேலாயுதம் ஆரம்பித்த தொழில். கடைக்கும் அவர் பேர்தான். நான் பலகை, கடை என்று அண்ணன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பலகையை முதலில் வாங்கிவிடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணம் என்றால் முதலில் மண்டபம் எடுப்பார்கள், அப்புறம்தான் பத்திரிகை அடிப்பார்கள். மண்டபம் இல்லாமல் பேர் போட்டு யாராவது பத்திரிகை அடிப்பார்களா என்று கேட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

அதனால் முதலில் இடம். இடத்தைக் காட்டு என்றார். இடம் அமெரிக்காவில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது என்றேன். வாசல் எந்தப் பக்கம் என்றார். வாசல் கிடையாது என்றேன். அந்த ஒரே கம்ப்யூட்டரில் இன்னும் நிறையப் பேருடைய வெப்சைட்டும் இருக்கும் என்று நான் வாய் தவறி உண்மையைச் சொன்னதுதான் தப்பு.

"பக்கத்துல பார் வச்சிருக்கவன் இருந்தா கல்யாணக்காரங்க என் பக்கம் வருவாங்களா? குடியிருக்கிறவன் யாருன்னு பார்த்துச் சொல்லு மா, அப்பறம் அட்வான்ஸ் பேசலாம்."

வாழைமரம் வந்தாச்சு

எப்படியோ இடம் எடுத்துவிட்டோம். பேர் இன்னும் வாங்காததால், ஏதோ லாட்டரி நம்பர் மாதிரி புள்ளி வைத்த எண்களைத் தட்டித்தான் அதைப் பார்க்க முடியும். அங்கிள் மூன்று ஆல்பம் கொண்டுவந்தார், எல்லாம் மணவறைப் படங்கள். எதையும் விடக் கூடாது, விட்டால் அந்தக் குடும்பம் கோபித்துக்கொள்ளும் என்றார். எடுத்த இடமோ சின்னது. பெரிய இடம் எடுக்கலாமே என்றால், உள்ளதிலேயே நெருக்கி அடுக்கு என்கிறார். மண்டபத்தில் நாற்காலி அடுக்கிப் பழகியவர்.

முதல் படத்தை மட்டும் ஏற்றித் திறந்து பார்த்தோம். மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தியது. படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. நான் போய்க் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தேன். சேகர் அண்ணன் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"வாழைமரம் வந்தாச்சு, தோரணம் வந்தாச்சு, மாப்பிள்ளையைத்தான் இன்னும் காணோம்."

வால் வேண்டாம்

அடுத்தது பேர். வேலாயுதம் டாட் காம். தேடிப் பார்த்தேன், காலியாக இருந்தது. இப்போதே எடுத்துவிடலாம் என்றேன். ஐயரிடம் நாள் கேட்க வேண்டும் என்றார் அங்கிள். அப்போதுதான் அவருடைய தம்பி கதை வந்தது. பாலன் என்று பேர். அப்பா போன பிறகு இருவருக்கும் சண்டையாகி, தம்பி பட்டர்வொர்த் போய் அதே தொழிலை, அதே வேலாயுதம் என்ற போர்டோடு நடத்துகிறார். பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது. இந்தக் கரையில் ஒரு வேலாயுதம், அந்தக் கரையில் ஒரு வேலாயுதம், நடுவில் கடல். யாருக்கும் தொந்தரவில்லை.

"அங்கிள், இன்டர்நெட்டில் அப்படி முடியாது. ஒரு பேர் ஒருத்தருக்குத்தான்" என்றேன். அவர் நம்பவில்லை. இருவரும் மகன்கள், இருவருக்கும் அப்பா பேர் உண்டு, இதில் அமெரிக்காக்காரன் யார் நடுவில் என்றார். சந்தேகமாக இருந்தால் பேரோடு பினாங்கு என்று சேர்த்து எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டதற்கு முறைத்தார்.

"எங்கப்பா பேருக்குப் பின்னால வால் எதுக்கு மா?"

வெள்ளிக்கிழமை ஒன்பதரை

ஐயர் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரம் கொடுத்தார். அப்போது அமெரிக்காவில் இன்னும் வியாழக்கிழமைதான் என்று சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். எந்த ஊர் நேரம் செல்லும் என்று அரை நாள் விவாதம் நடந்தது. கடைசியில், பேர் வாங்குகிற கை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நேரம் என்று சேகர் அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை அங்கிள் புது வேட்டியில் வந்தார். மாடிப்படியில் தேங்காய் உடைத்தார். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். மோடத்துக்கும் ஒரு பொட்டு. சூடம் காட்டி முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் லைன் போட்டுப் பேரைத் தட்டினேன். எடுக்கப்பட்டுவிட்டது என்று வந்தது. நேற்று சாயங்காலம்கூடப் பார்த்தேன், காலியாகத்தான் இருந்தது. தப்பாகத் தட்டியிருப்பாய் என்றார் அங்கிள். மறுபடி தட்டினேன். அதே பதில். வாங்கியவர் யார் என்று சேகர் அண்ணன் தேடினார். மத்தியானம் விவரம் வந்தது. பாலன், பட்டர்வொர்த்.

ஐயரைக் கேட்டதில் தெரிந்தது, தம்பியும் அப்பா காலத்து அதே ஐயரிடம்தான் போயிருக்கிறார். அதே வெள்ளி, அதே ஒன்பதரை. ஒரே வித்தியாசம், அவர் முதலில் பேரைத் தட்டிவிட்டு அப்புறம் சூடம் ஏற்றியிருக்க வேண்டும். அங்கிள் சூடத் தட்டை ஓரமாக நகர்த்தினார். நான் தீபாவளிக்கு இன்னும் எத்தனை வாரம் என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் வாழைப்பழச் சீப்பை என் மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

"எங்கப்பாவை விசாரிக்கணும்னா இனிமே அவன் வீட்டுக்கா மா போகணும்?"

பெர்ரியில் வந்தவர்

அடுத்த வாரம் ஒருவர் படியேறி வந்தார். கோவிந்தன் அங்கிளின் மூக்கு, கோவிந்தன் அங்கிளின் நடை, கொஞ்சம் தலைமுடி அதிகம். பட்டர்வொர்த்தில் இதெல்லாம் தெரிந்த கடை கிடைக்கவில்லை, அதனால் கடலைத் தாண்டப் பெர்ரிக் கப்பல் ஏறி வந்தேன் என்றார். பேர் வாங்கிவிட்டாராம். தட்டினால் ஒன்றுமே வரவில்லையாம். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா என்று அதையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "அங்கிள், உங்ககிட்ட பேர் இருக்கு, இடம் இல்ல. உங்க அண்ணன்கிட்ட இடம் இருக்கு, பேர் இல்ல" என்று சொல்லிவிட்டேன். சேகர் அண்ணன் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். பாலன் அங்கிள் கம்ப்யூட்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். வேறு இடம் எடுத்துத் தருகிறேன் என்று பின்னாலேயே போனேன். அப்படியாவது ஒரு வெப்சைட் ஏறுமே. அவர் காதிலேயே வாங்கவில்லை.

"அவன் இடம் வச்சிருந்தா வச்சுக்கட்டும். பேரு வெறுமனே தொங்கினாலும் என்கிட்டத்தான் தொங்கணும்."

அடித்துவிட்ட அட்டை

இரண்டு பேரையும் வழிக்குக் கொண்டுவந்தது நான் இல்லை, அச்சகம். தீபாவளி வாழ்த்து அட்டையில் கோவிந்தன் அங்கிள் அந்தப் புள்ளி வைத்த எண்ணைப் போட்டுவிட்டார். வாங்கியவர்கள் அதை டெலிபோன் நம்பர் என்று நினைத்துச் சுழற்றி, யார் யாரையோ எழுப்பிவிட்டார்கள். பாலன் அங்கிள் அட்டையில் வேலாயுதம் டாட் காம். தட்டிப் பார்த்தவர்கள், கடையை மூடிவிட்டீர்களா என்று அவரிடமே விசாரித்தார்கள். சிம்பாங் அம்பாட்டில் ஒரு பெண் வீட்டார் வேறு ஆளுக்கு அட்வான்ஸே கொடுத்துவிட்டார்கள்.

நான் இரண்டு பேருக்கும் ஃபோன் பண்ணி, ஒரே நாள், ஒரே மணிக்கு வரச் சொன்னேன். ஐயர் செய்ததுதானே. வந்தார்கள். ஆளுக்கொரு நாற்காலி, நடுவில் பிரிண்டர். பேர் தம்பியுடையது, இடம் அண்ணனுடையது, முதல் பக்கத்தில் இரண்டு கதவு, ஒன்று பினாங்கு, ஒன்று பட்டர்வொர்த் என்று திட்டத்தைச் சொன்னேன்.

"அவன் கோபம் வந்தா பேரைக் கழட்டிடுவான்" என்றார் அண்ணன், என்னிடம்.

"அவரு இடத்தைக் காலி பண்ணச் சொல்லிடுவாரு" என்றார் தம்பி, அவரும் என்னிடம்.

ஆமாம், யார் கழற்றினாலும் இரண்டு பேர் கடையும் இருட்டு, வேறு வழி எனக்குத் தெரியாது, பசிக்கிறது, சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்றேன். பாலன் அங்கிள் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"முதல் பக்கத்துல அப்பா படம் யாரு குடுக்கிறது?"

வருகிறதா

இரண்டு பேரும் கொடுத்தார்கள். ஒரே படம்தான், இரண்டு பிரதி. தீபாவளிக்கு முந்தின வாரம் வெப்சைட் ஏறியது. தொழிற்சாலை பஸ்ஸில் அம்மா சொல்லி வைத்த இடம் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போனது.

ஆனால் புதுக் குழப்பம். சில நாள் இந்தக் கரையில் திறக்கும், அந்தக் கரையில் திறக்காது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், சேகர் அண்ணனின் புத்தகத்திலும் இல்லை. தன் கம்ப்யூட்டரில் வராவிட்டால் அடுத்தவன் கழற்றிவிட்டானோ என்று இரண்டு பேரும் உடனே ஃபோனை எடுப்பார்கள். ஆரம்பத்தில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும், அந்தக் கரையில் இருப்பவரைக் கேளுங்கள் என்று வைத்துவிட்டேன். நேற்று கோவிந்தன் அங்கிள் எங்கள் கடைக்கு வந்து எங்கள் ஃபோனை எடுத்தார். நம்பர் பார்க்காமலே சுழற்றினார்.

"தம்பி, உன் பக்கம் அப்பா வர்றாரா? ... சரி, வேற ஒண்ணும் இல்ல. சாப்பிட்டியா?"

வெப்சைட் என்பது உண்மையில் எந்த ஊரில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அது வராத அன்றைக்குத்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள்.