காற்றுக்குக் காத்திருக்கும் டீசல்

என் சகலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்கு ஒரு வருடம் முன்பின் இருக்கும். எங்கள் இருவரிடமும் டீசல் ஜீப் இருந்தது. காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து அரிசியும் உரமும் ஏற்றிக்கொண்டு மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டுக்குப் போவோம். திரும்பும்போது மிளகு மூட்டை. வழியில் எழுபது வளைவுகள். ஒவ்வொரு பயணத்திலும் எண்ணுவேன், எண்ணாமல் என்னால் ஓட்ட முடியாது.

மலையில் ஒரு முறை உண்டு. ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்குகிறவர் வளைவுக்கு மேலே அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்பார். ஏனென்றால் பாரத்தோடு ஏறுகிற வண்டி வளைவில் நின்றால் லேசில் மறுபடி கிளம்பாது. சகலை மட்டும் நிற்க மாட்டான். என் ஜீப் விடுகிற கரும்புகையைக் கீழே பார்ப்பான். நான் வந்து சேர நேரமாகும் என்று கணக்குப் போட்டு வேகமாக இறங்கி வளைவுக்குள் மூக்கை நுழைத்துவிடுவான். நான்தான் மூட்டைகளோடு வண்டியை ரிவர்ஸில் பின்னால் இறக்க வேண்டும்.

"ஏனுங்கண்ணா, பி.எஸ்ஸி. படிச்ச ஜீப்புங்க, யோசிச்சு யோசிச்சுத்தான் ஏறுமாட்டம் இருக்குது" என்று என் படிப்பைக் குத்துவான். அவன் வண்டியில் தொங்குகிறவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை நான் பின்னால் எடுக்கும்போது உரமூட்டை ஒன்று பள்ளத்தில் விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவனுக்கு முன்பே வளைவுக்குள் நுழைந்து, அவனை அப்படிப் பின்னால் ஏற வைக்க வேண்டும். அதற்காகத்தான் டர்போ மாட்டினேன்.

அடிவாரத்து மெக்கானிக் பழைய வேன் ஒன்றிலிருந்து டர்போவைக் கழற்றிப் பொருத்தினார். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும், அது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும். காற்று கூடினால் டீசலும் கூட வேண்டும் என்று டீசல் பம்பின் திருகை ஒரு சுற்று திறந்துவிட்டார். ஏறிப் பார்த்தேன். முன்னைவிட மோசம். புகை கறுப்பாகக் கொட்டியது, சூடு முள் சிவப்பைத் தொட்டது. திருகை மூடியதும் புகை நின்றது. கூடவே இழுவையும் போயிற்று.

"டர்போவே வேணாமுங்க, கழட்டிப் போட்டுடலாம்" என்றார் மெக்கானிக்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடி திருகைத் திறக்கச் சொல்லி, புகை எங்கே வருகிறது என்று எண்ணிக்கொண்டே ஏறினேன். நேர்ச்சாலையில் எங்கும் இல்லை. வளைவு திரும்பி வெளியே வருகிற இடத்தில் மட்டும்தான். அப்போது புரிந்தது. வளைவில் இன்ஜின் வேகம் விழுகிறது, டர்போ தூங்கிவிடுகிறது. நான் ஆக்சிலேட்டரை மிதித்ததும் டீசல் உடனே வந்துவிடுகிறது, காற்று தாமதமாக வருகிறது. எரியாத டீசல்தான் அந்தப் புகை. மொத்த அளவில் தவறில்லை. டீசல் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். சிறிது நேரம் தாடையைச் சொறிந்தவர், "அப்படியொரு பம்பு இருக்குதுங்க" என்றார். நாமக்கல்லில் பழைய சாமான் கடைகளில் ஆறு நாள் தேடினோம். அந்தப் பம்பின் தலையில் தொப்பிபோல ஒரு மூடி, உள்ளே ரப்பர் சவ்வு. டர்போ தள்ளும் காற்று ஒரு சிறு குழாய் வழியாக வந்து சவ்வை அழுத்தும். அழுத்தும் அளவுக்குத்தான் கூடுதல் டீசல் இறங்கும்.

அதை மாட்டிய பிறகு புகையே இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் மிளகு வியாபாரி பாய் என் ஜீப்பில் மேலே எடை போட வந்தார். முன்பே எடை போட்ட அவருடைய மூட்டைகள் சகலையின் வண்டியில் இறங்கிக்கொண்டிருந்தன. வழக்கம்போல அவன் புகையைத் தேடியிருப்பான். காணாததால் நான் இன்னும் கீழேயே இருக்கிறேன் என்று நினைத்து, அகலமான இடத்தைத் தாண்டி இறங்கிவிட்டான். அவன் வந்தபோது நான் ஏற்கெனவே வளைவுக்குள் இருந்தேன்.

"அண்ணா, கொஞ்சம் பின்னால எடுங்க."

"நீ எடு."

"பாரம் இருக்குதுங்கண்ணா."

"எனக்கென்ன பஞ்சா இருக்கு?"

பாய் என் தோளைத் தொட்டார். "விடுங்கண்ணே, அவர் வண்டில இருக்கறது என் சரக்கு. பின்னாடி இடம் இருக்குதுல்ல, ரெண்டடி ஒதுங்குங்க."

இடம் இருந்தது. நான் கைபிரேக்கை இழுத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டேன்.

அவன் பின்னால் ஏற ஆரம்பித்தான். ஜீப் துள்ளியது, நின்றது, மறுபடி துள்ளியது. கிளட்ச் எரிகிற நாற்றம் என் வண்டி வரை வந்தது. வண்டியில் தொங்கியவர்கள் இறங்கித் தள்ளினார்கள். யாரும் சிரிக்கவில்லை. அகலமான இடத்தை அடைந்ததும் அவன் ஜீப் செத்துப்போனது. மெதுவாக அவனைக் கடந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, நான் நன்றாகப் பார்த்தேன்.

எடை முடிந்ததும் பாய் சொன்னார்: "இனிமே உங்க ரெண்டு பேர் வண்டியும் எனக்கு வேணாம். என் சரக்கு உங்க சண்டைக்கு இல்லைங்க." அடுத்த வாரத்திலிருந்து யாரோ ஒருவரின் வேன் அவருடைய மிளகை ஏற்றியது.

என் மனைவி அவள் தங்கை வீட்டுப் படியேறாமல் பல வருடம் ஆயிற்று. அதற்கும் நான்தான் காரணம் என்கிறாள். இருக்கட்டும். அவன் பின்னால் ஏறினான்.