ஹாஜரா நாயகி உட்கார்ந்திருக்கவில்லை

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். அதில் மூன்று பேருக்கு வாப்பாவின் முகம் ஞாபகமில்லை. சிறு வயதில் எனக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்தார்கள், தமிழ் எழுதக் கற்றுக் கொடுக்கவில்லை. என் பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்துப் பார்த்து நானாகத்தான் எழுத்துக்கூட்டப் பழகினேன். எழுத்தில் பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இராது.

ஹஜ்ஜு மாதம் வந்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக வருகிறது. ஹாஜரா நாயகி பாலைவனத்தில் கைப்பிள்ளையோடு எவ்வளவு பொறுமையாக இருந்தார்கள், பெண்களே, நீங்களும் அப்படி இருங்கள் என்று யாராவது பேசத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுவேன். ஏன் என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் நாவுலைக்குக் கிட்ட இருந்தோம். என் கணவர் சுற்றுவட்டாரத்துத் தோட்டங்களில் மிளகாயும் வெங்காயமும் வாங்கி மாத்தளைக்கு அனுப்புகிறவர். ஒரு நாள் வெங்காய மூட்டையைத் தூக்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழும்பவில்லை. எனக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை.

நான் இத்தா இருந்தேன். கணவன் மவுத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வீட்டோடு இருக்க வேண்டும். அது அல்லாஹ்வின் கட்டளை, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்கள் ஊர் அதற்கு மேல் தன் கட்டளையையும் சேர்த்து வைத்திருந்தது. ஜன்னலுக்குச் சாக்கு அடித்தார்கள். கதவுக்கு வெள்ளைத் திரை போட்டார்கள். என் குரல் வெளியே கேட்கக் கூடாது என்றார்கள். கிணற்றடிக்குக்கூட ஆம்பிளைகள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போக வேண்டும். இதெல்லாம் எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் இருக்கவில்லை.

இரண்டாம் மாதம் என் கடைசி மகளுக்கு வயிற்றோட்டம் கண்டது. ஒன்றரை வயது. கணவரைப் பெற்ற மாமி கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார், கக்கிவிட்டாள். கஞ்சித் தண்ணீர் கொடுத்தார், அதையும் கக்கினாள். என் பால் மட்டும்தான் கொஞ்சமாவது உள்ளே தங்கியது. இரண்டாம் நாள் காலையில் அவளுக்கு அழக்கூடச் சத்தம் வரவில்லை. கண் குழி விழுந்து, தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது.

கணவருக்கு மூத்த நானா, என் பெரிய மச்சான், பள்ளிவாசலில் தொழுவிக்கிற லெப்பையிடம் கேட்டு வரப் போனார். திரும்பி வந்து திரைக்கு வெளியே நின்றார்.

"இத்தாவுல ஈக்கிற பொம்புள வாசப்படி தாண்ட ஏலாதாம், லெப்பை செல்றாரு. புள்ளய நான் மாத்தளைக்குக் கொண்டு போறேன். லொறி வந்து மூட்டைய ஏத்தின கையோட போறேன்."

"லொறி எப்ப வரும்?"

"அசருக்கு முந்தி வந்துரும்."

அப்போது நடுப்பகல் லுஹர் பாங்குகூடச் சொல்லவில்லை, அசருக்கு இன்னும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கிடந்தது.

"வழியில அவ பாலுக்கு அழுதா? மச்சான், ஒங்கட மாருல பால் ஈக்குதா?"

"அடியே, வாயப் பொத்து!" என்று மாமி அலறினார். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு தள்ளிப் போனார்.

நான் திரையை விலக்கவில்லை, பிடுங்கி எறிந்தேன். உடுத்த வெள்ளைச் சேலையோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு நடந்தேன். கடை வாசலில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். லெப்பை பள்ளிக்குப் போகிற வழியில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருவர்கூட, அல்லாஹ்மீது ஆணையாக, ஒருவர்கூடப் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்குப் போகும் பஸ் வந்து நின்றது. பக்கத்து ஆசனத்தில் ஒரு சிங்களக் கிழவி. என் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு, யார் செத்தது மகள் என்று சிங்களத்தில் கேட்டாள். புருஷன் செத்தார், இவளைச் சாக விடமாட்டேன் என்றேன். அந்தக் கிழவி எழும்பி நின்று டிறைவரை ஏசத் தொடங்கினாள். ஹோல்ட்டு ஹோல்ட்டாக நிறுத்திக் கதைத்துக்கொண்டிருக்காதே, பிள்ளையின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்றாள். இறங்கும்போது என் முந்தானையை இழுத்து என் தலையை மூடிவிட்டவளும் அவள்தான். என் ஊரார் செய்திருக்க வேண்டிய வேலை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளையின் கையில் ஊசி குத்திச் சேலைன் ஏற்றினார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இவ்வளவு நேரம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க? பின்னேரம் வந்திருந்தா வந்து வேலை இல்ல" என்று பாய்ந்தார். நான் என்ன சொல்வது? ஆம்பிளைகள் ஆம்பிளைகளிடம் கேட்டு முடியும்வரை காத்திருந்தேன் என்றா சொல்வது?

நான்கு நாள் அவளுடைய கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தேன். ஐந்தாம் நாள் அவள் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவு வலிக்க இழுத்தாள். அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் புதுத் திரை போட்டிருக்கிறார்கள். பின்னேரம் லெப்பையும் பள்ளியின் டிரஸ்டி ஹாஜியாரும் மச்சானோடு வந்து, திரைக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். என் இத்தா முறிந்துவிட்டதாம். முதல் நாளிலிருந்து மறுபடி இருக்க வேண்டுமாம். ஊராரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பள்ளியில் ஆக்கி வீடு வீடாகப் பங்கிடும் கந்தூரிச் சோறு எங்கள் வீட்டுக்கு வராது, நல்லது கெட்டதுக்கு ஒருவரும் படியேற மாட்டார்கள்.

லெப்பை மெதுவாகச் சொன்னார். "ஹாஜரா நாயகிய நெனச்சுப் பாருங்க மகள். தண்ணி இல்ல, துணை இல்ல, கையில புள்ள. எவ்வளவு பொறுமையா இருந்தாங்க."

அந்தப் பெயரை அவர் எடுத்த பிறகுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"இருந்தாங்களா?" என்றேன். "எங்க இருந்தாங்க? புள்ளக்கி தாகம் வந்ததும் தண்ணி தேடி ஸபா மலைக்கு ஓடினாங்க, மர்வா மலைக்கு ஓடினாங்க. ஏழு தரம் ஓடினாங்க. யாருக்கிட்ட கேட்டுட்டு ஓடினாங்க, லெப்பை? உக்காந்திருந்தா புள்ள மவுத்தாகியிருக்கும். அல்லாஹ் ஸம்ஸம் தண்ணிய ஓடின தாய்க்குத்தான் குடுத்தான்."

"அது வேற, இது வேற..."

"ஹாஜியார், நீங்க ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தவரு. அங்க அந்த ரெண்டு மலைக்கும் நடுவுல நீங்களும் ஏழு தரம் ஓடினீங்களா இல்லயா?"

"ஓடினேன்."

"யாரு ஓடின தடத்துல?"

கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. போகும்போது டிரஸ்டி மச்சானிடம், "ஒங்கட தம்பிட பொஞ்சாதிக்கி நாக்கு நீளம்" என்றார். மச்சான் "அது நிக்காஹ் முடிக்கும்போதே தெரியும் ஹாஜியார்" என்றார். அந்த மனுஷனை அந்த ஒரு சொல்லுக்காகப் பாதி மன்னித்தேன். மிச்சப் பாதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மிச்சமிருந்த நாள்களை இருந்து முடித்தேன். அல்லாஹ் சொன்ன கணக்குக்கு மேலே ஒரு நாள் இருக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. சொன்னபடியே அந்த வருஷக் கந்தூரிச் சோறு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. நெய்ச்சோற்று வாசனை வந்ததும் பிள்ளைகள் வாசலில் போய் நின்றார்கள். அவர்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவைச் சாத்தியபோது பிடித்த கோபம்தான் இந்தக் கோபம். அடுத்த வருஷம் சோறு வந்தது. திருப்பி அனுப்பினேன். அதற்கு அடுத்த வருஷமும் அனுப்பினேன். பிறகு கொண்டு வருவதை அவர்களாகவே விட்டுவிட்டார்கள்.

எனக்குப் பெருமை அதிகம் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ஆம், அதிகம்தான். ஹாஜரா நாயகியை அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். லட்சம் லட்சமாக ஆம்பிளைகளை ஒரு தாயின் ஓட்டத்தை ஓட வைத்தவன் அவன். அந்தத் தாயின் பெயரைச் சொல்லி ஒரு தாயைக் கட்டிப் போடப் பார்த்தார்களே, அதை நான் மறுமையிலும் கேட்பேன்.

எழுதி முடித்துவிட்டேன், கண்ணும் வலிக்கிறது. வா மகள், இதைப் பிடி. அன்றைக்கு என் தோளில் கிடந்தவள் பெற்ற பிள்ளை நீ. முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, சத்தமாக வாசி.