கம்பி என்றால் எது?

கோணல் பல்லை நேராக்குவது என் தொழில். என் கீழ்வரிசையில் ஒரு பல் மட்டும் பக்கத்துப் பல்லின் தோளில் சாய்ந்து நிற்கும். அதனால்தான் முகமூடியைக் கழற்றாமலே சிரிக்கிறேன் என்று எங்கள் கிளினிக்கில் ஒரு வதந்தி உண்டு. வதந்தி இல்லை, உண்மை.

தில்லை நகரில் மாடியில் கிளினிக். நாங்கள் மூன்று பேர். நான், பக்கத்தில் நின்று கருவி எடுத்துத் தரும் நர்ஸம்மா, வரவேற்பு மேசையில் போனும் நோட்டுமாக இருக்கும் அக்கா. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரிகிறது என்றுதான் நம்பியிருந்தேன், ஒரு சனிக்கிழமை ஒரு கிலோ மைசூர்பாகு வந்து சேரும்வரை.

கொண்டுவந்தவர் மலைக்கோட்டைக்குக் கீழே ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஐம்பதை நெருங்கும் வயதில் எங்களிடம் கம்பி போட்டுக்கொண்டவர். தன் கல்யாணப் போட்டோவில் எத்துப்பல் தெரியக்கூடாதென்று வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாராம். மகள் கல்யாணப் போட்டோவிலாவது பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

இனிப்பு எதற்கென்று எனக்குப் புரியவில்லை. பல் டாக்டர் இனிப்பை மறுக்க வேண்டும். இரண்டு துண்டு சாப்பிட்டேன். பிறகு அவரை உட்காரவைத்து, பழைய கம்பியைக் கழற்றி, கொஞ்சம் தடிமனான கம்பியைப் போட்டு, கண்ணாடியைக் கொடுத்தேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார்.

“என்ன டாக்டர், கழட்டிட்டு மறுபடி மாட்டிட்டீங்க?”

“ஆமாங்க. புதுசு போட்டாச்சு.”

“புதுசா?”

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். “என்னங்க, பத்திரிகை வைக்கப் போன வீட்ல எல்லாம் சனிக்கிழமை வாய் திறப்பு விழான்னு சொல்லிட்டு வந்தீங்களே?”

நடந்தது இதுதான். போன தடவை நான், “அடுத்த தடவை கம்பியைக் கழட்டிடலாம்” என்று சொல்லியிருந்தேன். பற்களின் குறுக்கே ஓடும் மெல்லிய கம்பியைச் சொன்னேன். அதை அவ்வப்போது கழற்றி வேறு போடுவோம். பல்லில் ஒட்டியிருப்பது இன்னும் எட்டு மாதம் இருக்க வேண்டும். அவர் வெளியே போய் அக்காவிடம் கேட்டிருக்கிறார். அக்கா நோட்டைப் பார்த்து, “ஆமாங்க, கழட்டணும்னுதான் எழுதியிருக்கு” என்றிருக்கிறார். சந்தேகம் தீராமல் போன் போட்டபோது நர்ஸம்மா, “அஞ்சு நிமிஷ வேலைங்க, வலிக்காது” என்றிருக்கிறார். மூன்று பேரும் ஒரே குரலில் தவறாகச் சொல்லியிருக்கிறோம். அவ்வளவு ஒற்றுமை எங்களிடம் அதற்கு முன் இருந்ததில்லை.

அவர் கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் குழப்பியது.

“எங்க கடைக்கு வந்து மாம்பழக் கலர் வேணும்பாங்க, டாக்டர். உடனே எடுத்துப் போட மாட்டோம். எதுன்னு தொட்டுக் காட்டுங்கம்போம். ஆளுக்கு ஒரு மாம்பழம் வச்சிருப்பாங்க.”

“சரிங்க, கம்பின்னா எது? தொட்டுக் காட்டுங்க.”

முன்பல்லில் ஒட்டியிருந்ததன் மேல் விரலை வைத்தார். “இது.”

“அது பட்டன்ங்க” என்றார் நர்ஸம்மா.

“க்ளிப் இல்லையா?” வாசலில் நின்ற அக்கா கேட்டார். “நான் அப்படித்தானே எழுதுறேன்.”

நான் பிராக்கெட் என்றேன். யாருக்கும் அது உதவவில்லை.

“உங்களுக்குள்ள பேசி ஒரு பேர் வச்சிட்டுச் சொல்லுங்க, நாங்க இருக்கோம்” என்றார் மனைவி.

பட்டன் என்றே முடிவாயிற்று. இந்த முறை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியே சொன்னேன். முன்னால் உள்ள பட்டன்களை மட்டும் கல்யாணத்துக்காக எடுத்துவிடலாம். பல் நகராமலிருக்க வாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் தட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு திரும்ப ஒட்டுவோம், முடிய இன்னும் கொஞ்சம் நாள் கூடும். “நான் சொன்னதை நீங்க ஒருதடவை சொல்லுங்க” என்று கேட்டேன். என்னைவிடத் தெளிவாகச் சொன்னார்.

பிறகு யோசித்தார். பட்டனைச் சுற்றியிருந்த சாம்பல் நிற ரப்பர் வளையத்தைத் தொட்டார்.

“இதுல வேற கலர் இருக்கா?”

நர்ஸம்மா கலர் அட்டையைக் கொடுத்தார். ஜவுளிக்கடைக்காரர் கையில் கலர் அட்டை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மனைவியோடு அரைமணி நேரம் பார்த்தார். மகளின் முகூர்த்தப் புடவை அரக்குக் கலராம்.

“பட்டன் இருக்கட்டும் டாக்டர். அரக்கு போடுங்க.”

“அரக்குன்னா எதுங்க?” என்று கேட்டேன். தொட்டுக் காட்டினார்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் எல்லாப் போட்டோவிலும் வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார், புடவைக்குப் பொருத்தமாக. பந்தியில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்தார்களா, அவரோடு சேர்ந்து சிரித்தார்களா, எனக்குத் தெரியவில்லை. அது என் வெற்றியா தோல்வியா என்பதும் தெரியவில்லை. யோசிப்பதற்குள் மேடைக்குக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். முகமூடி காரிலேயே இருந்தது.

“நீலச் சட்டை சார், கொஞ்சம் பல்லு தெரியச் சிரிங்க” என்றார் போட்டோக்காரர்.

நான் உதட்டை மட்டும் இழுத்தேன்.

“என்ன டாக்டர்,” காதோரம் கேட்டார் பெண்ணின் அப்பா, “எந்தப் பல்லுன்னு தொட்டுக் காட்டட்டுமா?”