வெள்ளைச் சைக்கிளில் இருந்து எடுத்த பூ

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பல வருடமாக முதியோர் இல்லங்களில் இரவு வேலை செய்கிறவன் நான், எத்தனையோ பேருக்கு என் கையாலேயே கண்ணை மூடிவிட்டிருக்கிறேன், ஒருவரும் எழும்பி வந்து என்னோடு கதைத்ததில்லை. நித்திரைக் கலக்கத்தில் உளறுகிறான் என்று நீங்கள் நினைத்தாலும் கோபிக்க மாட்டேன். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நாங்கள் மெல்பேர்னின் கிழக்குக் கோடியில், லில்லிடேலில் இருக்கிறோம். வீட்டில் ஒரே ஒரு கார், அது வீடுகள் துப்புரவாக்கப் போகும் என் மனைவி சாந்திக்கு. எனக்குச் சைக்கிள். ரயில் நின்றுபோன பழைய பாதையில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, சரளை போட்டு, சைக்கிள் ஓடவிட்டிருக்கிறார்கள். வாகனத் தொல்லை இல்லை, பக்கத்தில் மாடு மேயும், மர வாசம் வரும், லீவு நாளில் ஓடுகிறவர்களுக்குச் சொர்க்கம், இரவு முழுக்கக் கிழவர்களைத் தூக்கிப் புரட்டிவிட்டு விடிய வீடு திரும்புகிற எனக்கு அது முடியவே முடியாத ஒரு றோட்டு, அவ்வளவுதான்.

புது முதியோர் இல்லத்துக்கு மாறி, முதல் நாள் வேலை முடிந்து வருகிறேன். பாதை கார் றோட்டைக் கடக்கிற ஓரிடத்தில், வேலிக் கம்பத்தோடு ஒரு சைக்கிள் பூட்டியிருந்தது. சீற், சில்லு, செயின் எல்லாம் வெள்ளைப் பெயின்ற். ஹாண்டிலில் மஞ்சள் செவ்வந்திப் பூக்கள். நம்பினால் நம்புங்கள், யாரோ எங்கள் ஆள் புதுச் சைக்கிளுக்குப் பூசை செய்திருக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நாங்களும் கோயிலுக்குக் கொண்டுபோய், மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சில்லில் நசித்துத்தானே புது வண்டி எடுப்போம். இந்தக் காட்டுக்குள் ஒரு தமிழன் என்று சந்தோஷப்பட்டு, ஒரு பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றி, என் ஹாண்டிலில் செருகிக்கொண்டு புறப்பட்டேன்.

அப்போதே சத்தம் தொடங்கிவிட்டது. பின்னால் இன்னொரு சைக்கிள், சரளையில் சில்லு நெரிபடுகிறது, செயின் சுற்றுகிறது. முந்திப் போகட்டும் என்று ஒதுங்கினேன், முந்தவில்லை. திரும்பிப் பார்த்தேன். நன்றாக விடிந்துவிட்டது, நேர்ப்பாதை, ஒரு குருவிகூட இல்லை. நான் நின்றால் அதுவும் நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலும் அந்த இடத்தில் தொடங்கி எங்கள் தெரு மூலை வரைக்கும் கூடவே வந்தது. பயமா என்றால் பயம்தான், ஆனால் பயப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

கடைசியில் ஒரு விடியல், வேலையால் வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி சாந்தியிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துவிட்டாள்.

"ஐயோ, அது செத்த ஆளின்ர சைக்கிளப்பா! அடிபட்ட இடத்தில வெள்ளையடிச்சுக் கட்டிவிடுறவை. செத்தவீட்டுத் துடக்குப் பூவையெல்லே வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறியள்!"

"எனக்கென்னண்டு தெரியும்?" என்றேன்.

"உள்ளுக்க வராதேங்கோ!"

அந்தக் குளிரில் கராஜ் வாசலில் நிற்க வைத்து, மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். எனக்குத் தடிமன் பிடித்ததுதான் மிச்சம், அடுத்த நாளும் சத்தம் வந்தது.

சரி, மன்னிப்பாவது கேட்போம் என்று ஒரு ஞாயிறு மத்தியானம் செவ்வந்தி வாங்கிக்கொண்டு போனேன். அங்கே வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா முழந்தாளில் இருந்து, ஈரத்துணியால் அந்தச் சைக்கிளின் சில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையில் பூவைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய மகனாம். பேக்கரியில் இரவு வேலை. விடிய வீட்டுக்கு வரும்போது சைக்கிளிலேயே கண் அயர்ந்திருக்க வேண்டும், நிற்காமல் லொறிக்கு முன்னால் போய்விட்டான்.

அவர் பேசியது இங்கிலீஷ், நான் தமிழில் சொல்கிறேன். "இப்போது சில கிழமையாக வரும்போதெல்லாம் இதில் சேறு. யாரோ எடுத்து ஓடிவிட்டு வைக்கிறார்கள். ஆனால் பூட்டு அப்படியே இருக்கிறது, திறப்பும் என்னிடம்தான் இருக்கிறது."

குனிந்து பார்த்தேன். சில்லில் எங்கள் பாதையின் சேறு ஈரமாக ஒட்டியிருந்தது. செயினில் பெயின்ற் தேய்ந்து இரும்பு மினுங்கியது.

எனக்கு வாய் அடங்கவில்லை. பூவை எடுத்தது, பூசை என்று நினைத்தது, கூட வருகிற சத்தம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் துணியைப் பிடித்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவன் களைத்துப்போய் இருக்கிறானா?"

"இல்லை" என்றேன். ஒரு தாயிடம் வேறென்ன சொல்வது.

ஆனால் லில்லிடேலுக்குக் கிட்ட ஒரு நீண்ட இறக்கம் இருக்கிறது. அதில் நான் மிதிப்பதை விட்டுவிட்டுக் காலை ஆறவிடுவேன், சைக்கிள் தன்பாட்டில் ஓடும். இன்றைக்கு விடியவும் அந்தச் செயின் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டேன், அந்த இறக்கத்தில்கூட, பின்னால் அவன் மிதித்துக்கொண்டேதான் வருகிறான்.