ஜூடித்தின் லில்லிக்கு எவ்வளவு வெளிச்சம்

ஹப்சிகுடாவில் சிலாஸைத் தெரிந்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: மனுஷனுக்குக் கவலைப்படக் காரணம் கிடைக்காவிட்டால் அதற்கும் கவலைப்படுவார். உப்பலில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளர். வீட்டில் அவரும் மனைவி ஜூடித்தும்தான். அப்படிப்பட்டவருக்கு இந்தக் கோடையில் நிஜமான காரணமே வந்து சேர்ந்தது. ஜூடித்துக்கு ஒரு கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். மிச்சமிருந்த நல்ல கண்ணில் கருவிழி மாற்று ஆபரேஷன். பார்வை மெதுவாகத்தான் வரும், கூசும் வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டால் போதும் என்றார் டாக்டர். அதெல்லாம் சிலாஸின் காதில் ஏறினால்தானே! வீட்டுக்கு வந்ததும் ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டிவிட்டார்.

மாட்டிக்கொண்டது ஜூடித்தின் பீஸ் லில்லி. கிழக்கு ஜன்னலிலிருந்து ஓர் எட்டு தள்ளி, வெளிச்சம் வரவேண்டும், வெயில் மேலே படக்கூடாது என்று இடம் பார்த்து வைத்த செடி அது. கட்டிலிலிருந்தே தினமும் கேட்பாள்.

"ஏங்க, லில்லிக்கு வெளிச்சம் வருதா?"

"ஹவ், ஹவ்," என்று அந்த ஊர் உருதுவில் ஆமாம் போடுவார் சிலாஸ். "ஜம்முனு இருக்கு."

ஜம்மாவது, கிம்மாவது! இலை வெளிறித் தண்டு துவண்டு கிடந்தது. பட்டினி கிடந்த செடிக்கு ஒரே நாளில் வயிறு நிறையப் போட்டுவிடலாம் என்று, வேலைக்குப் போகும்போது சிலாஸ் அதை மொட்டைமாடியில் வைத்துவிட்டுப் போனார். ஏப்ரல் வெயிலில்! திரும்பி வந்து பார்த்தால், இலையோரமெல்லாம் தீய்ந்த அப்பளம் மாதிரி கறுத்திருந்தது. சத்தமில்லாமல் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்.

அன்று சாயங்கால ஜெபத்தில், "ஆண்டவரே, அவளுக்குப் பார்வையைத் தாரும். ஆனா லில்லி தேறுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்து..." என்று வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். அடப்பாவி, இப்படியா ஒருத்தன் வேண்டுவான்! கேட்டபடியே ஆண்டவர் கொடுத்துவிட்டால்?

அதற்கப்புறம் சிலாஸுக்குச் சோறு இறங்கவில்லை. "உங்க மூஞ்சியே புகையாத்தான் தெரியுது" என்று ஜூடித் சொல்லும்போதெல்லாம், தன் ஜெபம்தான் பலித்துக்கொண்டிருக்கிறது என்று நடுங்கினார். மாற்றிக் கேட்டு எத்தனையோ முறை மன்றாடினார். புகை விலகவில்லை.

அடுத்த செக்கப்பில் கம்பளிக் கதையைக் கேட்ட டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் காலை சிலாஸ் ஒவ்வொரு கம்பளியாகக் கழற்றினார். கடைசியாகக் கிழக்கு ஜன்னல்.

"ஏங்க!"

கட்டிலிலிருந்து எழுந்து வந்த ஜூடித்தின் குரலில் வீடே அதிர்ந்தது.

"கைக்கு? ஏன் இப்பிடிப் பண்ணினீங்க? என் லில்லியக் கருக்கிப் போட்டுட்டீங்களே! வெயில்ல வெச்சீங்களா?"

சிலாஸ் கம்பளியும் கையுமாக நின்றார். "எ... எந்த இலை?"

"எந்த இலையா? இதோ, இது. இந்தா, இந்த நுனி." தேடாமல், தடவாமல், அவள் விரல் நேரே கறுத்த இடத்தில் போய் நின்றது.

சிலாஸுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னும் திட்டு, ஜூடித்," என்றார். "வேற எங்கெல்லாம் கருகியிருக்கு, சொல்லு."