புகையானும் என் பைரிடினும்

நெல்லில் புகையான் பூச்சி விழுந்துவிட்டது, மருந்து வாங்கி வா என்று அப்பா இன்று என்னைத் தவளக்குப்பம் உரக்கடைக்கு அனுப்பினார்.

கடையில் ஒரு மருந்து பாட்டிலில் 'இமிடாகுளோபிரிட்' என்று பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. பைரிடின் மாதிரி வளையங்களைப் படிக்கும் ஹெட்டரோசைக்ளிக் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி மாணவி நான்.

"இதுல பைரிடின் வளையம் இருக்கு பாய். ஆறு மூலை, ஒரு மூலையில நைட்ரஜன்" என்று கடைக்காரருக்கு ஒரு துண்டுச்சீட்டில் வரைந்தே காட்டினேன்.

பாய் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் போட்டுருக்க. ஆனா இது புகையானுக்குக் கேக்காதும்மா. அடிச்சி அடிச்சி அந்தப் பூச்சிக்கே பழகிப்போச்சி. வேற தரேன், எடுத்துனு போ."

ஆக, எங்கள் வயல் பூச்சி பைரிடினை எப்போதோ கிளியர் பண்ணிவிட்டது. எனக்குத்தான் இன்னும் அரியர்.

அது எந்த நோட்ஸ் படித்தது? யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கப்பா.